ரோமியோ ஜூலியட்டின் நடுத்தெருச் சண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்' என்றதும் மாடமும் நிலவும் விஷக்குப்பியும் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வெரோனா நகரத் தெரு ஒன்றில் பட்டப்பகலில் நடக்கும் வாள்சண்டைதான்: மூன்றாம் அங்கம், முதல் காட்சி. கல்லூரி மாணவர்களை வைத்து இந்தக் காட்சியைப் பலமுறை ஒத்திகை பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் மாணவர்களும் பார்க்க வந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

அந்தக் காட்சியில் என்னதான் நடக்கிறது?

வெரோனாவில் மாண்டேகு, கேபுலெட் என்று இரண்டு குடும்பங்கள், பரம்பரைப் பகை. ரோமியோ மாண்டேகு வீட்டுப் பிள்ளை, ஜூலியட் கேபுலெட் வீட்டுப் பெண். இருவருக்கும் லாரன்ஸ் என்ற துறவி சற்று முன்புதான் இரகசியமாகத் திருமணம் செய்துவைத்திருக்கிறார்.

அதே நாள் பகல். ஜூலை மாத வெயில் கொளுத்துகிறது. ரோமியோவின் உறவினன் பென்வோலியோ, நண்பன் மெர்க்குஷியோவிடம் வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சுகிறான். கேபுலெட் ஆட்கள் வெளியே திரிகிறார்கள், எதிர்ப்பட்டால் சண்டை நிச்சயம், இந்த வெக்கையில் இரத்தம் வெறிகொண்டு கொதிக்கிறது என்கிறான். மெர்க்குஷியோ அசைவதாக இல்லை. சாதுவான பென்வோலியோவையே சண்டைக்காரன் என்று சீண்டுகிறான். "தெருவில் ஒருவன் இருமினான், வெயிலில் படுத்திருந்த உன் நாய் விழித்துக்கொண்டது என்று அவனோடு மல்லுக்கு நின்றவன்தானே நீ!"

அப்போது கேபுலெட் குடும்பத்து டிபால்ட் ஆட்களோடு வருகிறான். அவன் தேடி வந்தது ரோமியோவை. திருமண மகிழ்ச்சி முகத்தில் மாறாமல் ரோமியோ வந்து சேர்ந்ததும், "நீ ஓர் அயோக்கியன்" என்று நடுத்தெருவில் வைத்துச் சொல்கிறான். ரோமியோ வாளைத் தொடவில்லை, பணிவாகப் பேசுகிறான். அதைப் பொறுக்காமல் மெர்க்குஷியோ வாளை உருவுகிறான். விலக்கிவிட ரோமியோ நடுவே பாய்கிறான். அந்த இடைவெளியில் டிபால்ட்டின் வாள் மெர்க்குஷியோவின் உடலில் இறங்குகிறது. நண்பன் இறந்த செய்தி கேட்டதும் ரோமியோ வெறிகொண்டு, திரும்பி வந்த டிபால்ட்டைக் கொல்கிறான். இளவரசர் எஸ்கலஸ் வந்து விசாரித்து அவனை நாடு கடத்துகிறார்.

டிபால்ட்டுக்கு ரோமியோ மேல் அப்படி என்ன கோபம்?

முந்தின இரவு கேபுலெட் வீட்டு விருந்துக்கு ரோமியோ முகமூடி அணிந்து அழைப்பில்லாமல் போயிருந்தான். குரலை வைத்தே அவனை அடையாளம் கண்டுகொண்ட டிபால்ட் அங்கேயே வாளைக் கேட்டான். வீட்டுப் பெரியவர் கேபுலெட், விருந்தினர் முன்னால் கலாட்டா வேண்டாம் என்று அவனைத் திட்டி அடக்கினார். அந்த அவமானம் இரவெல்லாம் புகைந்து, மறுநாள் காலை ரோமியோவின் வீட்டுக்குச் சவால் கடிதமாகப் போனது. இரவு ஜூலியட்டின் தோட்டத்தில், விடிந்ததும் துறவியின் அறையில் என்று இருந்த ரோமியோ அந்தக் கடிதத்தைப் பற்றி நாடகத்தில் எங்கும் பேசுவதில்லை. நாடகத்தின் கடைசியில் கைக்கு வந்து சேராத கடிதம் ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். முதல் கடிதத்தை யாரும் கவனிப்பதில்லை.

ரோமியோ ஏன் சண்டைக்கு மறுத்தான்? பயந்தா?

இல்லை. டிபால்ட் இப்போது அவனுக்குச் சொந்தக்காரன். ஜூலியட்டின் தாய்க்கு உடன்பிறந்தவரின் மகன் டிபால்ட். ஜூலியட்டுக்கு மாமன் மகன். தாலி கட்டிய வீட்டின் மச்சான் மீது யார் வாள் ஓங்குவார்கள்? ஆனால் அந்தத் தெருவில் இது தெரிந்தவன் ரோமியோ ஒருவனே. "உன்னை நேசிப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கேபுலெட் என்ற பெயரை என் பெயரைப் போலவே போற்றுகிறேன்" என்கிறான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பார்வையாளர்களுக்கு அது விளங்குகிறது. மேடையில் நிற்பவர்களுக்கோ அது கோழையின் குழைவாகக் கேட்கிறது. ஒரே பேச்சு அரங்கில் ஒருவிதமாகவும் மேடையில் வேறுவிதமாகவும் கேட்கும்படி எழுதியிருக்கிறாரே, அதுதான் இந்தக் காட்சியின் கட்டுமானம்.

அவன் டிபால்ட்டை என்ன சொல்லி அழைக்கிறான் என்று கவனியுங்கள். 'நல்ல கேபுலெட்' என்கிறான். முறைசொல்லி அழைக்க வேண்டியவனைக் குடும்பப் பெயரால் அழைக்கிறான்.

உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காதே?

அதிகமாக வரும் கேள்வி இது. என்னை அதிகம் வருத்தும் கேள்வியும் இதுவே.

டிபால்ட்டிடம் சொல்லியிருக்க முடியாது. கேட்ட மாத்திரத்தில் அவன் கொதிப்பு இரட்டித்திருக்கும். அதே வீட்டில் இருக்கும் ஜூலியட்டின் கதி என்னவாகியிருக்கும்? பகை ஆறும்வரை காத்திருந்து, சமயம் பார்த்து வெளியிட்டு, இரு குடும்பங்களையும் சேர்த்துவைப்பது துறவி லாரன்ஸின் திட்டம். ரோமியோ வாய்மூடி நின்றதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் மெர்க்குஷியோவிடம் சொல்லியிருக்கலாம். அன்று காலையில் நண்பர்கள் மூவரும் சந்தித்து வெகுநேரம் சிலேடை பேசிச் சிரித்தார்கள். அப்போது காதோடு ஒரு வார்த்தை போதும். ரோமியோ சொல்லவில்லை. ரோசலின் என்ற பழைய காதலியை நினைத்துத்தான் இவன் இன்னும் உருகிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபடியே மெர்க்குஷியோ சாகிறான். ஜூலியட் என்ற பெயரை அவன் காதால் கேட்டதே இல்லை. யாருக்காகத் தன் நண்பன் தலைகுனிந்தான் என்று தெரியாமலேயே அந்தத் தலைகுனிவைத் துடைக்க வாளெடுத்தவன் அவன். இந்த நாடகத்தில் வாளைவிட அதிகம் பேரைக் கொன்றது சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் வாசிப்பு. கீழே வரும் விடைகள் பலவும் அதைத் தொட்டே வரும்.

மெர்க்குஷியோவைக் கொன்றது டிபால்ட்டா, ரோமியோவா?

வாள் டிபால்ட்டுடையது. வழி திறந்தது ரோமியோவின் கை.

இந்த நாடகம் முதலில் 1597இல் ஒரு சிறு நூலாகவும், 1599இல் விரிவான இன்னொரு நூலாகவும் அச்சானது. 1597 பதிப்பில் ஒரு மேடைக்குறிப்பு இருக்கிறது: ரோமியோவின் கைக்கு அடியில் வாளைச் செலுத்தி டிபால்ட் மெர்க்குஷியோவைக் குத்திவிட்டு ஓடுகிறான். 1599 பதிப்பில் இந்த விவரம் இல்லை. ஆனால் மெர்க்குஷியோவே சொல்கிறான்: "நீ எதற்காக எங்களுக்கு நடுவே வந்தாய்? உன் கைக்கு அடியில்தான் எனக்குக் குத்து விழுந்தது." ரோமியோவிடம் இருக்கும் பதில், "நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்."

ஒத்திகையில் மூங்கில் குச்சிகளை வைத்துப் பழகினோம். ரோமியோவாக நடித்த மாணவன் முதல் நாள் பாய்ந்து டிபால்ட்டைப் பிடித்துத் தள்ளினான். காட்சி எடுபடவில்லை. எதிரியைப் பிடித்துத் தள்ளினால் குத்து எங்கிருந்து வரும்? சண்டையை விலக்கப் போகிறவன் தன் ஆளைத்தானே முதலில் பிடிப்பான் என்று சொல்லி, மெர்க்குஷியோவின் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டச் சொன்னேன். நீட்டினான். மெர்க்குஷியோவாக நின்றவனின் குச்சி பிடித்த கை அந்தக் கைக்கு அடியில் அழுந்தி மடங்கியது. எதிரே இருந்தவனின் குச்சி, யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே, ரோமியோவின் அக்குளுக்கு ஒரு சாண் கீழே நுழைந்து நின்றது. சுவரோரம் அரட்டை அடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நண்பனைக் காக்க நீண்ட கை அவனைக் கட்டிப்போட்டுவிட்டது என்பதை நாங்கள் எல்லோரும் அப்போதுதான் கண்ணால் பார்த்தோம்.

குத்துப்பட்டவன் ஏன் சிலேடை பேசிக்கொண்டிருக்கிறான்?

அவன் சுபாவம் அது. "வெறும் கீறல்" என்கிறான். பிறகு, "கிணற்றைப் போல ஆழமில்லை, கோயில் வாசலைப் போல அகலமில்லை, ஆனாலும் இது போதும், வேலையை முடித்துவிடும்" என்கிறான். அடுத்த வரியில் இருக்கிற ஆங்கிலச் சொல்லுக்குக் கல்லறை, கம்பீரம் என்று இரண்டு பொருள். தமிழில் எப்படிக் கொண்டுவருவது என்று நாங்கள் நெடுநேரம் திண்டாடியபோது 'அடக்கம்' என்ற சொல் கைகொடுத்தது. "நாளைக்கு என்னை விசாரித்துப் பாருங்கள், அடக்கமான ஆளாகியிருப்பேன்." வாயாடி மெர்க்குஷியோ அடக்கமாவதும், அடக்கம் செய்யப்படுவதும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டன.

நண்பர்கள் அவன் காயத்தை நம்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ரேப்பியர் என்ற அந்தக் கால வாள் நீளமானது, மெல்லியது, பெரும்பாலும் குத்துவதற்கென்றே செய்யப்பட்டது. வெட்டுக்காயம் போல வாய் பிளக்காது. வெளியே சிறு துளைதான் தெரியும். "காயம் பெரிதாக இருக்காது, தைரியமாக இரு" என்று ரோமியோ சொல்வது அறியாமையால் அல்ல, கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து.

இந்தக் காட்சி வரை நாடகம் இன்பியல் போலவே போகிறதே?

போகிறது. விருந்து, முகமூடி, மாடத்துக் காதல், சீக்கிரம் விஷயத்தைச் சொல்லாமல் இழுத்தடிக்கும் செவிலித்தாய், இரகசியத் திருமணம் எல்லாமே அந்தக் காலத்து இன்பியல் நாடகச் சரக்கு. காதலர் சாவார்கள் என்று முன்னுரைப் பாட்டு முதலிலேயே சொல்லிவிட்டாலும், இரண்டாம் அங்கம் முடியும்போது நாம் அதை மறந்துவிடுகிறோம். பின்னால் வந்த பதிப்பாசிரியர்கள் பிரித்த கணக்கில் நாடகத்தில் 24 காட்சிகள். இது பன்னிரண்டாவது. தராசு முள் சரியும் இடம்.

மெர்க்குஷியோவோடு சிரிப்பும் போய்விடுகிறது. பிறகும் வேலைக்காரனும் இசைக்காரர்களும் ஒரு வேடிக்கை செய்கிறார்கள். ஜூலியட் இறந்துவிட்டதாக வீடே அழுகிறபோது வருவதால் அது ஒட்டாமல் நிற்கிறது. மெர்க்குஷியோவை மூன்றாம் அங்கத்தில் நான் கொல்லாவிட்டால் அவன் என்னைக் கொன்றிருப்பான் என்று ஷேக்ஸ்பியர் சொன்னதாக 1672இல் கவிஞர் டிரைடன் எழுதிவைத்தார். நான் அதை ஏற்கவில்லை. பாத்திரத்தைச் சமாளிக்க முடியாத ஆசிரியர் இவ்வளவு துல்லியமான நேரத்தில், இவ்வளவு துல்லியமான கையால் அவனைச் சாகடிக்க மாட்டார்.

இது ஷேக்ஸ்பியரின் சொந்தக் கற்பனையா?

கதை சொந்தமல்ல, சண்டையின் வடிவம் சொந்தம். ஆர்தர் புரூக் 1562இல் எழுதிய நெடுங்கவிதையை எடுத்துக்கொண்டுதான் அவர் நாடகம் செய்தார். புரூக்கின் கதையில் மெர்க்குஷியோ விருந்தில் ஜூலியட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குளிர்ந்த கைக்காரன், அவ்வளவுதான். அவன் சண்டையிடுவதும் இல்லை, சாவதும் இல்லை. தெருக் கலவரத்தை விலக்கப் போன ரோமியோவை டிபால்ட் தாக்குகிறான். ரோமியோ தன்னைக் காத்துக்கொள்ள அவனைக் கொல்கிறான். அதற்குள் திருமணமாகி ஒன்றிரண்டு மாதங்கள் இன்பமாகக் கழிந்திருக்கின்றன.

ஷேக்ஸ்பியர் அந்த மாதங்களை ஒரு மணி நேரமாக்கினார். "இந்த ஒரு மணி நேரமாக எனக்கு மைத்துனனாக இருக்கும் டிபால்ட்" என்று ரோமியோவே சொல்கிறான். நண்பன் குத்துப்பட்டுப் போனபின் தனியே நின்று முணுமுணுக்கிறான். இடையில் மெர்க்குஷியோவின் சாவை நுழைத்து, தற்காப்பைப் பழிவாங்கலாக மாற்றினார். தற்காப்புக்காகக் கொன்றவன் அதிர்ஷ்டம் கெட்டவன். பழிக்காகக் கொன்றவன் தன் தீர்மானத்தால் கெடுகிறான். டிபால்ட் விழுந்ததும் "நான் விதியின் கையில் முட்டாள்" என்று ரோமியோ கதறுகிறான். விதியின் மேல் போடும் அந்தப் பழியில் பாதிதான் உண்மை என்பது நமக்குத் தெரிகிறது.

அந்தக் காலத்தில் நிஜமாகவே தெருவில் இப்படி வெட்டிக்கொண்டார்களா?

இலண்டனில் இது நாடகக்காரர்களின் சொந்த வாழ்க்கை. 1589 செப்டம்பரில் ஹாக் லேன் என்ற தெருவில் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவும் வில்லியம் பிராட்லி என்பவரும் வாளோடு மோதினார்கள். மார்லோவின் நண்பரான கவிஞர் தாமஸ் வாட்சன் நடுவே புகுந்தார். பிராட்லி அவர் மேல் பாய, வாட்சனின் வாளுக்கு பிராட்லி பலியானார். தற்காப்பு என்று ஏற்கப்பட்டு வாட்சனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1598இல் நாடகாசிரியர் பென் ஜான்சன் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரைச் சண்டையில் கொன்றார். இலத்தீன் வாசிக்கத் தெரிந்ததால் கிடைத்த சட்டச் சலுகையால் தூக்கிலிருந்து தப்பி, கட்டைவிரலில் சூடு வாங்கினார். மேடைக்கு முன் நின்று பார்த்த கூட்டத்துக்கு, விலக்கப் போகிறவனுக்கு என்ன நேரும் என்பது கேள்விப்பட்ட செய்தி.

இத்தாலிய வாள்வித்தை அப்போது புதுநாகரிகம். வின்சென்ஷியோ சாவியோலோ என்ற இத்தாலிய ஆசானின் நூல் 1595இல் இலண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. அந்த வித்தையைக் கண்டித்து ஜார்ஜ் சில்வர் 1599இல் நூல் எழுதினார். 'பஸாடோ', 'புன்டோ ரிவர்ஸோ' என்று டிபால்ட்டின் அடவுகளை மெர்க்குஷியோ கிண்டல் செய்யும் இடம் இந்தச் சூட்டில்தான் புரியும். யாரை நையாண்டி செய்தானோ அவனுடைய குத்துதான் அவனுக்கு விழுகிறது.

இளவரசரின் தீர்ப்பு நியாயமா?

முதல் காட்சியிலேயே இன்னொரு முறை தெருவில் கலகம் செய்தால் உயிர் போகும் என்று எச்சரித்தவர், இப்போது நாடுகடத்தலோடு நிறுத்துகிறார். இறந்த மெர்க்குஷியோ அவருக்கே உறவினன். டிபால்ட்டின் உயிரைச் சட்டமே எடுத்திருக்கும், அதைத்தான் ரோமியோ செய்தான் என்ற வாதத்தையும் கேட்கிறார்.

சாட்சி சொல்வது பென்வோலியோ. அவன் சொல்வதை முன்பு நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிபால்ட் மெர்க்குஷியோவின் மார்பை நோக்கிப் பாய்ந்தான் என்கிறான். முதலில் வாளை உருவி வம்புக்கு இழுத்தவன் மெர்க்குஷியோ என்பதை விட்டுவிடுகிறான். "இவன் மாண்டேகு உறவினன், பாசம் பொய் சொல்ல வைக்கிறது" என்று கேபுலெட் வீட்டம்மா கூவுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இருபது பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றார்கள் என்று அவர் சொல்வது அப்பட்டமான தவறு. திருமணம் என்ற மூலக் காரணம் சாட்சிக்கும் தெரியாது, நீதிபதிக்கும் தெரியாது. இந்தக் காட்சியோடு பென்வோலியோ மறைந்துவிடுகிறான். பிறகு மேடைக்கு வருவதே இல்லை.

ஷேக்ஸ்பியரின் மற்ற துன்பியல் நாடகங்களிலும் இப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. ஹாம்லெட் லேயர்டீஸ் மோதலும் மக்பெத் மக்டஃப் மோதலும் கதையை முடித்துவைக்க இறுதியில் வருகின்றன. ஒத்தெல்லோவில் காஸியோ குடித்துவிட்டுப் போடும் சண்டை ஓரளவு இதற்கு நெருக்கம். ஆனால் அது இயாகோ திட்டமிட்டு மூட்டிய தீ. வெரோனாத் தெருவில் சூழ்ச்சிக்காரன் யாரும் கிடையாது.

சண்டைக்குப் பிறகு கதை எப்படித் திரும்புகிறது?

அடுத்த காட்சியில் ஜூலியட் இரவு சீக்கிரம் வரட்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறாள். செவிலி நூலேணியோடு வந்து "செத்துவிட்டான், செத்துவிட்டான்" என்று அழுகிறாள். யார் செத்தது என்று தெரிவதற்குள் ஜூலியட் ஒருமுறை செத்துப் பிழைக்கிறாள். மாமன் மகனைக் கொன்ற கணவனைத் திட்டுகிறாள், திட்டிய வாயோடு அவன் பக்கம் நிற்கிறாள். (மாமன் மகன் என்றதும் முறைப்பையன் என்று நாம் நினைக்கக் கூடாது. அந்த ஊரில் அந்த முறை இல்லை. கூடப்பிறந்தவன் போன்ற பாசம்.)

பிறகு அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். நாடு கடத்தப்பட்ட ரோமியோவுக்காக அழுகிறாள். வீட்டார் டிபால்ட்டுக்காக என்று நினைக்கிறார்கள். இந்தத் துக்கம் பெண்ணைத் தின்றுவிடும் என்று பயந்த தந்தை, பாரிஸ் என்ற பிரபுவோடு அவசரக் கல்யாணம் ஏற்பாடு செய்கிறார். முதலில் வியாழக்கிழமை, பிறகு ஒரு நாள் முன்னதாகப் புதன்கிழமை. அந்த அவசரக் கல்யாணத்திலிருந்து ஜூலியட்டைத் தப்பவைக்கத்தான் 42 மணி நேரம் பிணம்போல் கிடக்கச் செய்யும் மருந்து துறவி லாரன்ஸிடமிருந்து வருகிறது. கண்ணீர் யாருக்காக என்று ஒரு வாக்கியம் சொல்ல முடிந்திருந்தால் மருந்தே வேண்டியதில்லை.

"உங்கள் இரண்டு குடும்பங்களையும் கொள்ளைநோய் கொண்டுபோகட்டும்" என்ற மெர்க்குஷியோவின் சாபம் பலித்ததா?

எழுத்துக்கு எழுத்து பலித்தது. மருந்தின் இரகசியத்தை, நாடு கடத்தப்பட்டு மான்டுவா நகரில் இருந்த ரோமியோவுக்குச் சொல்லும் கடிதத்தோடு ஜான் என்ற துறவி புறப்படுகிறார். நோயாளிகளைப் பார்த்துவந்த இன்னொரு துறவியைத் துணைக்கு அழைக்கப் போன இடத்தில், கொள்ளைநோய் இருக்கலாம் என்று சந்தேகித்து நகர அதிகாரிகள் கதவை அடைத்து முத்திரையிட்டு விடுகிறார்கள். கடிதம் போகவில்லை. கொள்ளைநோயால் 1592 முதல் 1594 வரை பெரும்பாலும் மூடிக்கிடந்த இலண்டன் அரங்குகள் திறந்த சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட நாடகம் இது. அடைபட்ட கதவு என்றால் என்னவென்று பார்வையாளர்களுக்குத் தெரியும்.

ஜூலியட் உண்மையாகவே இறந்துவிட்டாள் என்று நம்பி, தானும் சாகக் கல்லறைக்கு வரும் ரோமியோ, வழிமறித்த பாரிஸையும் கொன்றுவிட்டு உள்ளே போகிறான். ஜூலியட்டுக்கு அருகே இரத்தம் தோய்ந்த துணிக்குள் டிபால்ட் கிடக்கிறான். மேடையேற்றுபவர்கள் நேரம் மிச்சம் பிடிக்கப் பெரும்பாலும் வெட்டிவிடும் சில வரிகள் இங்கே இருக்கின்றன. நான் ஒருபோதும் வெட்டவிட்டதில்லை. பந்தத்தைத் தூக்கிப் பிடித்தபடி ரோமியோ அந்த உடலுக்கு முன் நிற்கிறான். உன் இளமையை அறுத்த கையாலேயே உன் எதிரியின் இளமையையும் அறுக்கப் போகிறேன், இதைவிட என்ன உதவி செய்வேன் என்று கேட்கிறான். பிறகு, தெருவில் நேருக்கு நேர் நின்றபோது சொல்ல முடியாத முறையைச் சொல்லி, "மைத்துனா, என்னை மன்னித்துவிடு" என்கிறான்.